பட்டத்துரிமைப் போட்டியில் பிறந்த ரூபாய்: காம் பக்ஷின் வெள்ளி நாணயம்

முகலாய வெள்ளி ரூபாய்களைச் சேகரிக்கத் தொடங்கிய அன்பர், அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய பெருமன்னர்களின் நாணயங்களைக் கையில் வைத்துப் பழகி, அவற்றில் பெயர் எங்கே, ஊர் எங்கே, ஆண்டு எங்கே என்று ஓரளவு தடுமாறாமல் எடுத்துக் காட்டும் நிலையை அடைந்த பின்னரே இந்த அத்தியாயத்துக்கு வருதல் நலம். இங்கே நாம் ஆராயப் புகுவது, நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிலையாக ஆண்ட ஒரு சக்கரவர்த்தியின் நாணயமன்று; சிம்மாசனம் தனக்கே உரியதென்று சாதித்து, தக்காணத்தின் ஒரு பகுதியில் இரண்டு சாந்திர ஆண்டுகள்கூட நிரம்பாத காலம் அரசனென்று பெயர் பெற்று, போர்க்களத்தில் பட்ட காயத்தோடு மாண்டுபோன ஓர் இளவரசனுடைய நாணயம். ஔரங்கசீப்பின் கடைசி மகனான காம் பக்ஷ் வெளியிட்ட ரூபாய் அது. அத்தகைய நாணயம் கிடைப்பது அரிது. அரிது என்பதனாலேயே போலிகளும் தவறான அடையாளங்களும் அதைச் சுற்றி மொய்த்துக்கொள்கின்றன.

இந்த வகை நாணயங்களின் மதிப்பை உணர வேண்டுமானால், அக்காலத்தில் நாணயம் அடிப்பது என்றால் என்ன பொருள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அரசன் பெயரைச் சொல்லி ஓதும் குத்பாவும், அவன் பெயர் பொறித்து வெளியாகும் சிக்காவும் இஸ்லாமிய அரசுரிமையின் இரு அடையாளங்கள். கோட்டையைப் பிடித்தவன், பொக்கிஷத்தைக் கைப்பற்றியவன், பெரும்படை திரட்டியவன் எவனாயினும், இவ்விரண்டையும் தன் பெயரில் நடத்தும் வரையில் அவன் இளவரசனோ சுபேதாரோதான். நடத்திய நாளிலிருந்து அவன் பாதுஷா, அல்லது எதிர்த்தரப்பின் பார்வையில் ராஜத்துரோகி. ஆகவே பட்டத்துப் போட்டியில் அக்கசாலையின் அச்சு மாறுவது, போட்டி முடிந்த பிறகு நடக்கும் சடங்கு அன்று. போட்டியில் வைக்கும் முதல் அடியே அதுதான்.

முகலாய வம்சத்தில் மூத்தவனுக்கே பட்டம் என்ற நியதி வேரூன்றாமற் போனமையால், இத்தகைய நாணயங்கள் தலைமுறைதோறும் பிறந்தன. ஜஹாங்கீர் 1627-இல் மறைந்தபோது, ஷாஜஹான் தக்காணத்திலிருந்து வந்து சேரும் வரையில் சிம்மாசனம் வெறுமையாக இருக்கலாகாதென்று, ஷாஜஹானின் மாமனார் ஆஸப் கான், குஸ்ரூவின் மகன் தாவர் பக்ஷை அரசனாக்கினார். அந்தப் பரிதாபத்துக்குரிய இளைஞன் பெயரில் லாகூரில் ஹிஜ்ரி 1037-இல் அடித்த ரூபாய் முகலாய நாணயங்களிலேயே மிக அரியவற்றுள் ஒன்று. மாமனாரின் காரியம் முடிந்ததும் அவன் கொல்லப்பட்டான். ஷாஜஹான் 1657-இல் நோயுற்றபோது, குஜராத்தில் முராத் பக்ஷும் வங்காளத்தில் ஷா ஷுஜாவும் தத்தம் பெயரில் நாணயம் வெளியிட்டனர். முராத் பக்ஷின் ரூபாய் அகமதாபாத், சூரத், கம்பாயத் அக்கசாலைகளிலிருந்தும், ஷுஜாவின் ரூபாய் ராஜ்மகாலாகிய அக்பர்நகரிலிருந்தும் வந்தன. தந்தையின் அன்புக்குப் பாத்திரமாய், வாரிசென்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்த தாரா ஷுகோவோ, தந்தை உயிரோடிருக்கையில் முடி சூடிக்கொள்ளவில்லை. அவன் பெயரில் நாணயமும் இல்லை. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்த இன்மைதான் என்று சொல்ல வேண்டும்.

காம் பக்ஷிடம் வருவோம். தமிழ் வாசகருக்கு இவன் முற்றிலும் அந்நியனல்லன். செஞ்சிக் கோட்டையில் மராட்டிய அரசன் ராஜாராமை வளைத்துக்கொண்டு சுல்பிகார் கான் முற்றுகை நடத்திய காலத்தில், அவனுக்குத் துணையாக ஔரங்கசீப் 1691-இல் அனுப்பிவைத்தது இந்த மகனைத்தான். துணைக்கு வந்தவன் கோட்டைக்குள் இருந்த மராட்டியரோடு இரகசியமாகப் பேச்சு நடத்தினான். அது வெளியாகவே சுல்பிகார் கானும் அவன் தந்தை அசத் கானும் இளவரசனையே சிறைப்பிடித்துச் சக்கரவர்த்தியிடம் அனுப்பிவிட்டனர். செஞ்சி வீழ்ந்தது 1698-இல். இந்தப் பகை அத்தோடு ஒழிந்துவிடவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஔரங்கசீப் 1707-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அகமதுநகரில் காலமானார். அப்போது உயிரோடிருந்த மக்கள் மூவர். மூத்தவனான முவாஸம் வடமேற்கே காபூல் பக்கம் இருந்தான். நடுவிலவனான ஆஜம் ஷா தந்தையின் பாசறைக்கு அருகிலேயே இருந்தான். காம் பக்ஷ் பீஜப்பூர் சுபாவை ஏற்கும் பொருட்டுச் சில நாட்களுக்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்தான். ஆஜம் ஷா உடனே முடி சூடி, தன் பெயரில் நாணயமும் வெளியிட்டு வடக்கே விரைந்தான். ஜூன் மாதத்தில் ஆக்ராவுக்கு அருகே ஜாஜவ் என்ற இடத்தில் தமையனோடு பொருது மாண்டான். முவாஸம், ஷா ஆலம் பகதூர் என்ற பெயரோடு சக்கரவர்த்தியானான். சரித்திர நூல்கள் பகதூர் ஷா என்று குறிப்பது இவனையே. காம் பக்ஷ் பீஜப்பூரில் முடி சூடி, பின்னர் ஹைதராபாத்தையும் தன்வயமாக்கிக்கொண்டான்.

நாணயச் சேகரிப்பாளர் கூர்ந்து கவனிக்க வேண்டிய சம்பவம் இதன் பின்னர் நிகழ்ந்தது. பகதூர் ஷா தம்பிக்கு ஓலை அனுப்பினான்: தந்தை உனக்குப் பீஜப்பூரை அளித்தார்; நான் பீஜப்பூரோடு ஹைதராபாத்தையும் சேர்த்துத் தருகிறேன்; ஆனால் குத்பாவும் சிக்காவும் என் பெயரில் நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு சுபாக்கள், அவற்றின் வருமானம், படை, பரிவாரம் எல்லாம் ஒரு தட்டில். வெள்ளி வில்லையின்மேல் எந்தப் பெயர் விழுவது என்பது மறுதட்டில். காம் பக்ஷ் இணங்கவில்லை. சந்தேகப் பேயினால் பீடிக்கப்பட்டு, தனக்கு உண்மையாக உழைத்த தலைவர்களையே கொடூரமாகக் கொன்று, படையையும் கலையவிட்ட அவன், 1709 ஜனவரியில் பகதூர் ஷாவின் பெரும் சேனை ஹைதராபாத்தை நெருங்கியபோது சில நூறு பேரோடு எதிர்த்து நின்றான். எதிரே அணி வகுத்து வந்தவர்களுள் முதன்மையானவன், செஞ்சியில் அவனைச் சிறைப்பிடித்த அதே சுல்பிகார் கான். படுகாயத்தோடு பிடிபட்ட காம் பக்ஷ், தமையனின் கூடாரத்தில் வைத்தியம் பலிக்காமல் உயிர் நீத்தான்.

இந்தக் கதையை விரித்துச் சொல்வதற்குக் காரணம், நாணயத்தைச் சோதிக்கும் முதற்கருவி இதுவே என்பதுதான். கணக்கைப் பாருங்கள். ஔரங்கசீப் மறைந்தது ஹிஜ்ரி 1118 துல்கஅதா மாதக் கடைசியில். காம் பக்ஷ் மாண்டது 1120 துல்கஅதா மாதத் தொடக்கத்தில். இரண்டு சாந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் குறைவு. ஆதலால் அவன் நாணயத்தில் ஆட்சியாண்டு ஒன்று என்றோ இரண்டு என்றோதான் இருக்க முடியும். மூன்று என்றிருப்பின் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். ஹிஜ்ரி ஆண்டு 1119 அல்லது 1120 ஆக இருக்க வேண்டும். 1121 பிறந்தது 1709 மார்ச்சில். அதற்குள் அவன் இல்லை.

ஹிஜ்ரி ஆண்டைக் கிறிஸ்தவ ஆண்டாக மாற்றுவதற்கு அட்டவணை கையில் இல்லாதவர் எளிய வழி ஒன்றைக் கைக்கொள்ளலாம். ஹிஜ்ரி எண்ணில் நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து, மிச்சத்தோடு 622-ஐக் கூட்டுக. 1119-இல் நூற்றுக்கு மூன்று என்பது ஏறத்தாழ 33½; கழித்தால் 1085½; 622 கூட்டினால் 1707-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஓராண்டு முன்பின் ஆகக்கூடும் என்பதனால், ஐயம் வந்த இடத்தில் அட்டவணையையே நம்ப வேண்டும்.

ஒரே ஹிஜ்ரி 1119-இல் ஆஜம் ஷா, ஷா ஆலம் பகதூர், காம் பக்ஷ் ஆகிய மூன்று சகோதரர்களின் பெயரிலும் ரூபாய்கள் வெளிவந்தன என்பதையும், மூன்றிலும் ஆட்சியாண்டு முதலாண்டே என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஆண்டு மட்டும் நாணயத்தை அடையாளம் காட்டிவிடாது என்பது விளங்கும். பெயரைப் படித்தே தீர வேண்டும்.

இனி நாணயத்தைக் கையில் எடுப்போம். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரல் வியர்வை முகப்பில் படலாகாது. வட்டம் செவ்வையாக இராது; குறுக்களவு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கும்; கனம் சற்றுத் தடித்திருக்கும். அக்கால அக்கசாலையில் எடை போட்டு நறுக்கிய வெள்ளி வில்லையைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார்கள். அச்சின் பரப்பு வில்லையின் பரப்பைவிடப் பெரிதாகையால், வாசகம் முழுவதும் எந்த ஒரு நாணயத்திலும் விழுவதில்லை. ஒன்றில் ஊர்ப்பெயரின் பாதி போகும், இன்னொன்றில் ஆண்டின் கடைசி இலக்கம் போகும். எனவே ‘பாதி எழுத்துத்தானே தெரிகிறது’ என்று புறக்கணிப்பவர் முகலாய நாணயத்தின் தன்மையை அறியாதவர். எல்லா எழுத்தும் நடுவாக, ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல் அமைந்த ரூபாய் இருக்கத்தான் இருக்கிறது. அது அபூர்வம், ஆகவே சந்தேகத்தோடு நோக்கத்தக்கது.

ஒரு புறத்தில் பாரசீகத்தில் அமைந்த இரண்டடிச் செய்யுள் இருக்கும். தக்காணத்தில் சூரிய சந்திரர்மேல் நாணயம் பதித்தவன், மார்க்கத்தின் புகலிடமாகிய பாதுஷா காம் பக்ஷ் என்பது அதன் கருத்து. இதை இவன் சும்மா எழுதவில்லை. தந்தை ஔரங்கசீப், புனித கலிமாவைக் கைக்குக் கை மாறும் நாணயத்தில் பொறிப்பது அதற்கு இழுக்கென்று நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகச் செய்யுள் பொறித்தவர். பொன் மொகராவில் சூரியனையும் வெள்ளி ரூபாயில் பூரண சந்திரனையும் உவமையாக அமைத்தவர். கடைக்குட்டி மகன் சூரியனையும் சந்திரனையும் ஒருசேர எடுத்துக்கொண்டான்; ஆனால் தந்தை உலகம் முழுவதற்கும் அடித்ததாகச் சொன்ன நாணயத்தைத் தான் தக்காணத்தில் அடித்ததாகச் சுருக்கிக்கொண்டான். தன் எல்லை எது என்பது ஆணவத்துக்கிடையிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வெற்றி பெற்ற பகதூர் ஷாவோ செய்யுளே வேண்டாமென்று, ஷா ஆலம் பகதூர் பாதுஷா காஜியின் மங்கல நாணயம் என்ற வெறும் வசன வாசகத்தோடு திருப்தியடைந்தான்.

எழுத்தைப் படிக்கும்போது ‘பக்ஷ்’ என்ற பகுதியைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. முராத் பக்ஷின் நாணயத்திலும் அது உண்டு. ‘காம்’ என்ற பகுதியே நமக்கு வேண்டியது. அதில் மூன்று எழுத்துக்கள்: மேலே சாய்ந்த கோட்டோடு கூடிய காஃப், நிமிர்ந்து நிற்கும் அலிஃப் ஒன்று, சிறு முடிச்சாய் முடியும் மீம். தேய்ந்த நாணயத்தில் இதை ‘ஆலம்’ என்பதோடு குழப்பிக்கொள்வது எளிது, ஏனெனில் அதுவும் மீமில்தான் முடிகிறது. வேறுபாடு நிமிர்ந்த கோடுகளில் இருக்கிறது: ஆலமில் அலிஃப், லாம் என்று இரண்டு கோடுகள் அடுத்தடுத்து நிற்கும், காமில் ஒன்றே நிற்கும், அதன் வலப்புறத்தில் காஃபின் சாய்ந்த கோடு ஓடும். பூதக்கண்ணாடியை நேர்மேலே பிடிப்பதைவிட, விளக்கைத் தாழ்வாகப் பக்கத்தில் வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்த்தால், தேய்ந்த கோடுகளின் நிழல் எழுந்து நிற்பதைக் காணலாம்.

மறுபுறத்தில் ஊர்ப்பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். இந்தப் புறம் ஔரங்கசீப்பின் ரூபாய்களில் உள்ள மாதிரியையே பின்பற்றியது. ஊர்கள் பீஜப்பூர், ஹைதராபாத் முதலிய தக்காணத்து ஊர்களே. டில்லி, ஆக்ரா, லாகூர் என்று கண்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஊருக்கு அடைமொழியும் உண்டு: பீஜப்பூருக்கு வெற்றியின் இல்லம் என்று பொருள்படும் தாருஸ்ஸஃபர், ஹைதராபாத்துக்குத் தாருல்ஜிஹாத். ஹைதராபாத்துக்குப் பின்னாளில் வழங்கிய ஃபர்குந்தா புன்யாத் என்னும் அடைமொழி காம் பக்ஷின் காலத்துக்கு உரியதன்று. ஆட்சியாண்டு முதலாண்டாயின் இலக்கத்தால் எழுதாமல், ‘அஹத்’ என்ற சொல்லால் எழுதியிருப்பார்கள். அலிஃப், ஹே, தால் என்ற மூன்று எழுத்து. செய்யுளோடு வரும் ஹிஜ்ரி ஆண்டில் ஒன்று என்பது ஒரு நேர்கோடு, ஒன்பது நமக்குப் பழக்கமான உருவத்தையே ஒத்தது, பூச்சியம் வெறும் புள்ளி. 1120-இன் பூச்சியத்தை அலங்காரப் புள்ளியோடு மயங்காமல் பார்க்க வேண்டும்.

மறுபுறம் தந்தையின் நாணயத்தைப் போன்றதே என்பதனால் ஓர் அபாயமும் உண்டு. கிடைப்பதற்கு எளிதான ஔரங்கசீப் ரூபாய் ஒன்றை எடுத்து, முகப்பில் சில எழுத்துக்களைச் செதுக்கி மாற்றி, காம் பக்ஷ் என்று விற்கத் துணிபவருக்கு வேலை பாதி குறைந்துவிடுகிறது. ஆனால் சரித்திரம் இங்கேயும் நமக்குக் காவல் நிற்கிறது. ஔரங்கசீப் பீஜப்பூரைப் பிடித்தது 1686-இல், கோல்கொண்டாவைப் பிடித்தது 1687-இல். அப்போது அவருடைய ஆட்சி முப்பதாம் ஆண்டை ஒட்டியிருந்தது. ஆகவே இந்த ஊர்களில் அவர் வெளியிட்ட ரூபாயில் ஆட்சியாண்டு முப்பதை ஒட்டியதாகவோ, ஐம்பத்தொன்று வரையுள்ள பெரிய எண்ணாகவோதான் இருக்கும். முதலாண்டு என்று இருக்கவே முடியாது. முகப்பில் பெயரை மாற்றியவன் பின்புறத்தில் ஆண்டை மாற்ற மறந்திருந்தால் அங்கேயே அகப்பட்டுக்கொள்வான். மாற்றியிருந்தாலும், அச்சில் விழுந்த எழுத்து தளத்தினின்று மேலெழுந்து நிற்க, செதுக்கிய எழுத்தைச் சுற்றியுள்ள தளம் பள்ளமாயிருக்கும். சுரண்டிய கீறல் ஒரே திசையில் ஓடும். பெயரைச் சுற்றியும் ஆண்டைச் சுற்றியும் உள்ள தளத்தை மற்றப் பகுதியோடு ஒப்பிடுவதை ஒரு நியமமாகவே வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வார்ப்புப் போலி வேறு வகை. உண்மை நாணயத்திலிருந்து மண்ணில் அச்செடுத்து உருக்கி ஊற்றியதில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகள் காணும், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடம் தெரியும். இக்காலத்துப் புது அச்சுகளால் அடிக்கும் போலிகள் இவற்றைவிடத் தந்திரமானவை. அவற்றில் எழுத்து கூர்மையாகவே இருக்கும். ஆனால் ஒரே அச்சால் பல அடிப்பதனால், வில்லையின் வடிவமும் எழுத்து வெட்டுப்பட்ட இடமும் ஒன்றையொன்று ஒத்த இரட்டைகள் சந்தையில் உலவும். கையால் அடித்த காலத்தில் அத்தகைய இரட்டை பிறப்பதில்லை. வாங்குமுன் பழைய ஏல அட்டவணைகளின் படங்களையும், லாகூர் அருங்காட்சியகத்துக்காக வைட்ஹெட் 1914-இல் தொகுத்ததைப் போன்ற அட்டவணைகளின் தகடுகளையும் பொறுமையாகப் புரட்ட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எடை அடுத்த சோதனை. நல்ல நிலையிலுள்ள ரூபாய் பதினொன்றரை கிராமுக்குச் சற்று முன்பின்னாக, ஒரு தோலாவுக்குச் சிறிது குறைவாக நிற்கும். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். மிகுதியாக இருந்தால் ஐயுறுக. எடையோடு நில்லாமல் ஒப்படர்த்தியையும் பார்த்துவிடுவது நல்லது. உரைகல்லில் தேய்த்து நாணயத்தைக் காயப்படுத்தும் கொடுமை இதனால் தவிரும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் முதலில் நாணயத்தை நிறுத்துக. பிறகு மெல்லிய நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் முழுவதும் மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிட்டு மறுபடி நிறுத்துக. நாணயத்தில் ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். காற்றில் 11.40 கிராம் இருந்தது நீரில் 10.30 ஆகக் குறைந்தால் இழப்பு 1.10, 11.40-ஐ 1.10-ஆல் வகுக்க 10.36 வரும். தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49, சிறிது கலப்புள்ள முகலாய வெள்ளிக்கு இந்த 10.36 பொருத்தமானதே. அதே எடையுள்ள நாணயம் நீரில் 1.27 கிராம் இழந்தால் விடை 9-ஐ ஒட்டி வரும். உள்ளே செம்பு, மேலே வெள்ளி முலாம் என்று கொள்க. பத்தில் ஒரு பங்கு மட்டும் காட்டும் தராசினால் இதைச் செய்வதில் பயனில்லை, இழப்பு 1.1 என்பதற்கும் 1.2 என்பதற்கும் இடையே விடை பத்துக்கு மேலிருந்து ஒன்பதரைக்கு வந்துவிடும், நல்ல நாணயத்தைக் கள்ள நாணயமென்று தூற்றிவிடுவீர்கள். சரியான ஒப்படர்த்தி வெள்ளி நல்லதென்று மட்டுமே சொல்லும் என்பதையும் மறக்கலாகாது. நல்ல வெள்ளியிலேயே போலி அடிப்பவன் இருக்கிறான்.

முகப்பிலோ விளிம்பிலோ சிறுசிறு பூ, பிறை, புள்ளி போன்ற குத்துக்கள் இருந்தால் அவை பெரும்பாலும் சராபுகள், அதாவது நாணயம் மாற்றும் வணிகர்கள், இட்ட அடையாளங்கள். அவை அழகைக் கெடுத்து விலையைக் குறைக்கும் என்பது உண்மையே. எனினும் பழைய குத்தின் உட்புறம் நாணயத்தைப் போலவே கறுத்திருந்தால், அது அக்காலத்துக் கடைவீதியில் நடமாடிய நாணயம் என்பதற்கு நல்ல சாட்சி. என் கையில் அழகிய ஒன்றும் குத்துப்பட்ட ஒன்றும் இருந்து ஒன்றைத்தான் கொள்ளலாம் என்றால், ஆராய்ச்சிக்கு இரண்டாவதையே கொள்வேன்.

இவை ஏன் இவ்வளவு அருகிப் போயின என்ற கேள்விக்கு, சில மாதங்கள்தானே அடித்தார்கள் என்று எல்லாரும் விடை சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் காரணம். முகலாய வழக்கத்தில் நடப்பு ஆண்டின் நாணயத்துக்கே முழு மதிப்பு. சென்ற ஆண்டுகளின் ரூபாய்க்குச் சராபுகள் வட்டம் பிடித்தார்கள், முந்திய ஆட்சியின் நாணயத்துக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தார்கள். நடப்பிலுள்ள அரசனின் நாணயத்துக்கே இந்தக் கதி என்றால், தோற்றவன் பெயர் பொறித்த ரூபாயை வைத்திருக்க எந்த வணிகன் விரும்புவான்? நஷ்டம் ஒருபுறம், அபாயம் ஒருபுறம். வெள்ளியைக் கொண்டுவருபவர் எவராயினும் கூலி கொடுத்து நாணயமாக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தமையால், அவை விரைவில் மீண்டும் அக்கசாலைக்குப் போய் வெற்றி பெற்றவன் பெயரோடு திரும்பின. மேலும், கடல் வழியாக வெள்ளி வந்து குவிந்த சூரத்தில் அடித்ததனால்தான் முராத் பக்ஷின் ரூபாய் இன்றும் ஓரளவு கண்ணில் படுகிறது. பொன் வராகன் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த தக்காணத்தில் அவ்வளவு வெள்ளி ஓட்டம் இல்லை. ஆட்சியின் நீளத்தைவிட வெள்ளியின் வரத்தே நாணயத்தின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது என்பது என் துணிபு. விலையை மதிப்பிடுவோர் இதை மறந்து, எல்லாத் தோற்ற இளவரசரையும் ஒரே விலைப்பட்டியலில் வைத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் பழைய பெட்டிகளில் பாரசீக எழுத்தோடு கிடைக்கும் ரூபாய் பெரும்பாலும் ஆற்காட்டு ரூபாயே. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இரண்டாம் ஆலம்கீர் பெயரில், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு ஆறு என்ற இலக்கங்களை மாற்றாமலே நெடுங்காலம் அடித்து வந்தவை அவை; தாமரைக் குறியால் அவற்றை இனம் காணலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தவற்றில் பிறைக் குறி இருக்கும். ஆலம்கீர் என்பது ஔரங்கசீப்பின் பட்டமும் ஆகையால், இவற்றை முந்நூறாண்டுச் சக்கரவர்த்தி நாணயமென்று கொண்டாடுவோர் பலர். ஆற்காட்டு ரூபாயும் நல்ல நாணயமே. ஆனால் காம் பக்ஷ் அன்று.

தூய்மை செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செய்யாதீர்கள். புளியும் விபூதியும் பூஜைப் பாத்திரத்துக்கு ஆகும். நாணயத்தின் கருமையை அவை போக்கும்போது அதன் வயதுச் சான்றையும் போக்கிவிடுகின்றன. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும். அமிலமற்ற காகித உறையே உத்தமம். உறையின்மேல் எடை, ஒப்படர்த்தி, வாங்கிய இடம், நாள் ஆகியவற்றை எழுதி வைக்கவும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்வது குற்றம். நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவரும், மனை தோண்டும்போது கலயம் கண்டவரும் இவற்றை அறியாமல் தொல்லைப்படுகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காம் பக்ஷின் ரூபாய்க்குக் கடைவீதித் தராசில் பதினொரு கிராம் வெள்ளிக்குரிய விலைதான் கிடைக்கும். பழைய வெள்ளியை எடைக்குப் போட்டுக் கொலுசோ குங்குமச்சிமிழோ மாற்றிக்கொள்ள எண்ணுபவர்கள், அந்த வெள்ளியில் பாரசீக எழுத்துப் பொறித்த நாணயம் ஒன்றேனும் இருந்தால், அதை உருக்கக் கொடுக்கு முன், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலோ பாரசீகம் படிக்கத் தெரிந்த ஒருவரிடமோ காட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டும்.